ஷேவிங் பிரஷை சிந்தெடிக்குக்கு மாற்றியதும் வரும் கோளாறுகள்: எதனால், என்ன செய்யலாம்

பன்றி முடி பிரஷையோ பேட்ஜர் என்கிற வளை தோண்டும் விலங்கின் முடி பிரஷையோ விட்டுவிட்டு சிந்தெடிக் வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். சைவக்காரர்கள் பலருக்கும் இஸ்லாமியர்களுக்கும் பன்றி முடி ஆகாது. சிலர், மழைக்காலத்தில் காயவே காயாமல் நாறுகிற பழைய பிரஷைப் பார்த்து வெறுத்துப்போனவர்கள். காரணம் எதுவானாலும் முதல் வாரத்தில் வரும் புகார் ஏறக்குறைய ஒன்றுதான்: நுரை ஓடுகிறது, சோப்பு ஏறவில்லை, கண்ணாடியெல்லாம் தெறிக்கிறது, முகம் எரிகிறது. அதோடு பாதிப் பேர் பிரஷை அலமாரியில் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். பிரஷில் தப்பு இருப்பது அபூர்வம். முடி பிரஷுக்குப் பழகின கை, அதே பழக்கத்தைப் புதிய பிரஷிடமும் காட்டுகிறது. கோளாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

முடி தண்ணீரைக் குடிக்கும். அதனால்தான் பழைய பிரஷை மக்கில் சில நிமிடம் ஊற வைத்தோம். குடித்த தண்ணீரை அது கொஞ்சம் கொஞ்சமாக விடும்; கை கொஞ்சம் முன்னேபின்னே போனாலும் நுரை பொறுத்துக்கொள்ளும். இப்போது வரும் சிந்தெடிக் பிரஷ்களில் பெரும்பாலும் பி.பி.டி. என்கிற பாலியெஸ்டர் வகை இழை இருக்கிறது. பல் துலக்கும் பிரஷ்களிலும் பயன்படும் சரக்கு. இந்த இழைக்குள் தண்ணீர் போவதே இல்லை என்று சொல்லலாம். தண்ணீர் நிற்பது இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மட்டும். பிரஷை அமுக்கினால் அவ்வளவும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிடும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு இந்த ஒரு விஷயம்தான் மூலம்.

நுரை தண்ணியாக இருக்கிறது, மணிக்கட்டு வழியாக ஓடுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஊற வைப்பதை நிறுத்துங்கள். பிரஷைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும். ஊறினாலும் இழை மாறப்போவதில்லை. எடுத்த பிரஷின் கற்றையை அடியிலிருந்து நுனி வரை கையால் ஒருமுறை இறுக்கிப் பிழியுங்கள். அப்புறம் சிங்க்கைப் பார்த்து இரண்டு மூன்று உதறு உதறுங்கள். நுனியைத் தொட்டால் ஈரம் தெரியவேண்டும், சொட்டக்கூடாது. முடி பிரஷ் வைத்திருந்தவர்களுக்கு இது ரொம்பக் காய்ந்த மாதிரி தோன்றும். தோன்றட்டும்.

இந்த நிலையில் சோப்பின் மேல் வைத்து 20 முதல் 30 நொடி வரை சுற்றுங்கள். ஆரம்பத்தில் பெரிய குமிழியாக வரும். அதைக் கண்டு நிறுத்திவிடக்கூடாது. குமிழி மறைந்து, பளபளப்பில்லாத கெட்டிப் பசை நுனியெங்கும் ஒட்டினால்தான் சோப்பு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இனிமேல்தான் தண்ணீர். நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்து, கிண்ணத்திலோ முகத்திலோ சுற்றுங்கள். அது நுரையோடு கலந்த பிறகு மறுபடி ஒரு தொடல். தண்ணீரைச் சேர்க்கலாம், சேர்த்ததை எடுக்க முடியாது. ஆகவே இந்த வேலையில் அவசரம் ஆகாது.

எங்கே நிறுத்துவது? நுரையைக் கூர்ந்து பாருங்கள். மேற்பரப்பு மங்கலாக, ஊசிமுனைக் குழிகளோடு இருந்தால் இன்னும் தண்ணீர் வேண்டும். கண்ணுக்குக் குமிழி தெரியாமல் லேசாக மினுங்கினால், பிரஷைத் தூக்கும்போது எழும் முனை மெல்லச் சாய்ந்தால், சரியாக இருக்கிறது. குமிழி தனித்தனியாகத் தெரிந்து ஒன்றிரண்டு வெடித்தால் தண்ணீர் கூடிவிட்டது. கண்ணை நம்பாதவர்கள் கொஞ்சம் நுரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்க்கலாம்: வழுக்கிக்கொண்டு போனால் பிளேடும் அப்படியே போகும், பிசுபிசுத்தால் தண்ணீர் போதவில்லை.

ஏற்கெனவே ஓடிவிட்ட நுரையைச் சரிசெய்ய ஒரே வழி மேலும் சோப்பு. பிரஷைப் பிழிந்துவிட்டு மீண்டும் சோப்புக்குப் போங்கள். க்ரீம் என்றால் பட்டாணி அளவு கூடச் சேருங்கள். வேகமாக அடித்தால் கெட்டியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். காற்றுதான் ஏறும், நுரை பெரிதாகத் தெரியும், வழுக்கல் இருக்காது.

நுரை நன்றாக எழும்புகிறது, இரண்டு நிமிடத்தில் அமுங்கிவிடுகிறது

இது பிரஷ் விஷயமே இல்லை. உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பு. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத வெள்ளைக் கசடாகிவிடும். அப்படிப் போகிற சோப்பு நுரைக்கு உதவாது. வாளி ஓரத்தில் படியும் அதே வெள்ளைதான். முடி பிரஷிலும் இந்தத் தொல்லை இருந்திருக்கும். ஆனால் அப்போது தாராளமாகச் சோப்பு ஏற்றியதால் மறைந்து போயிருக்கும். சிந்தெடிக் கொஞ்சம் சோப்பிலேயே மளமளவென்று நுரை காட்டும். அதைப் பார்த்து ஐந்து நொடியில் நிறுத்திவிடுகிறோம், இருக்கிற கொஞ்சம் சோப்பையும் உப்புத் தண்ணீர் தின்றுவிடுகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். நாளைக்கு ஒருநாள் நுரைக்கு மட்டும் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் போதும். பிரஷ், சோப்பு, கிண்ணம், சுற்றும் நேரம் எல்லாம் அதே. நுரை நின்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. சென்னை அடுக்குமாடிகளில் லாரித் தண்ணீர் வந்த நாளில் ஒரு நுரையும் போர்வெல் ஓடிய நாளில் வேறொரு நுரையும் வருவதற்குக் காரணம் இதுதான். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

தீர்வு, நுரைக்கு நல்ல தண்ணீர், கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர். பிரஷை முக்குவதும் நல்ல தண்ணீரிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் கற்றைக்குள் நிற்கிற உப்புத் தண்ணீர் மறுபடி வேலையைக் காட்டும். யு.வி. விளக்கு மட்டும் உள்ள ஃபில்டர் கிருமியைக் கொல்லும், கடினத்தன்மையைத் தொடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்தால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டும் போகும், சல்பேட்டும் குளோரைடும் அப்படியே இருக்கும். எலுமிச்சை பிழிகிற யோசனை வேண்டாம். புளிப்பு கூடினால் சோப்பே கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும், நுரை நிற்காது. இதொன்றும் ஒத்துவராதவர்கள் சோப்பை இரண்டு மடங்கு நேரம் ஏற்றுங்கள். கால்சியத்துக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்த பிறகும் மிச்சம் இருக்கும்.

கட்டிச் சோப்பில் எவ்வளவு சுற்றினாலும் ஏறவில்லை

பன்றி முடி விறைப்பானது, சோப்பைச் சுரண்டி எடுத்துவிடும். நல்ல சிந்தெடிக்கின் நுனி மிருதுவானது. சோப்பு கல்லாக இருந்தால் அதன் மேல் சறுக்கிக்கொண்டு போகும். குளிக்கப் போகும் முன் சோப்பின் மேல் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுவிடுங்கள். குளித்து வந்து தண்ணீரைக் கொட்டிவிட்டால் மேல்பரப்பு இளகியிருக்கும். அப்புறம் நுனியால் மட்டும் சுற்றுங்கள். இங்கே பலர் கோபத்தில் பிரஷை அமுக்குவார்கள். அமுக்கினால் இழைகள் பக்கவாட்டில் படுத்து, நுனிக்குப் பதில் நடுப்பகுதிதான் சோப்பில் உரசும். ஏறுகிற சோப்பும் கற்றையின் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

குச்சி வடிவச் சோப்பானால் பிரஷை மறந்துவிட்டு, நனைந்த தாடியில் நேராகக் குச்சியைத் தேய்த்து, அப்புறம் பிரஷால் எழுப்புங்கள். ட்யூபில் வரும் க்ரீமுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சிந்தெடிக்கும் க்ரீமும் நல்ல ஜோடி. புதிதாக மாறுகிறவர்கள் முதல் மாதம் க்ரீமில் பழகிவிட்டுச் சோப்புக்கு வருவது நல்லது என்பது என் கட்சி.

கண்ணாடி, சட்டை, சுவர் எல்லாம் தெறிக்கிறது

இழையின் துள்ளல். வளைத்த இழை சட்டென்று நிமிரும்போது நுனியில் உள்ளதை எறிகிறது. பழைய நைலான் பிரஷ்களில் இது ரொம்ப மோசம். இன்றைக்கு வரும் மெல்லிய இழைகளில் குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. முகத்தில் வட்டமாகச் சுற்றுவதைக் குறைத்துக்கொண்டு, சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி மேலும் கீழுமாக இழுங்கள். கன்னத்திலிருந்து பிரஷை எடுக்கும்போது வெடுக்கென்று எடுக்காமல் சறுக்கி எடுங்கள். கிண்ணத்தில் அடிப்பவர்கள் அகலத் தட்டை விட்டு ஆழக் கிண்ணத்துக்கு மாறினால் சட்டை பிழைக்கும். இவ்வளவு செய்தும் தெறித்தால் தண்ணீர் கூடுதல், முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

நுரை பிரஷுக்குள்ளேயே இருந்துகொள்கிறது

கற்றை ரொம்ப அடர்த்தியாக இருந்தாலோ 26 மில்லிமீட்டருக்கு மேல் பருமனாக இருந்தாலோ இது வரும். கற்றையின் அடியை விரலால் வளைத்துப் பிடித்து நுனிப்பக்கமாக மெதுவாக உருவினால் ஒரு சுற்றுக்கான நுரை அங்கேயே கிடைக்கும். அடுத்த தடவை வாங்கும்போது 24 மில்லிமீட்டர் பருமன், கைப்பிடிக்கு மேல் 50 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம் என்கிற அளவில் பாருங்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நுரை வைக்கத் திணறுகிறவர்களுக்கும் இதே பதில்தான். பெரிய பிரஷ் அங்கே மூக்குக்குள் போகும்.

முகம் எரிகிறது அல்லது குத்துகிறது

இரண்டும் வேறு வேறு. பிரஷ் பட்டவுடனே குத்தினால் அது இழை. காய்ந்த பிரஷின் நுனியை முன்கையின் உட்பக்கத்தில் லேசாக அழுத்திப் பாருங்கள். நல்ல இழையின் நுனி கூம்பிக் கூம்பி மெலிந்திருக்கும், தோலில் உறுத்தாது. வெட்டி மட்டமாக்கப்பட்ட நுனி ஊசி ஊசியாகத் தெரியும். பன்றி முடியின் நுனி நாள்போக்கில் பிளந்து மிருதுவாகும். அதனால்தான் அதைப் பழக்கவேண்டும் என்பார்கள். சிந்தெடிக் பழகாது. முதல் நாள் குத்துவது எப்போதும் குத்தும். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதைக் கிண்ணத்தில் நுரை அடிக்க மட்டும் வைத்துக்கொண்டு கையால் பூசிக்கொள்ளுங்கள்.

ஷேவிங் முடிந்த பிறகு எரிந்தால் பிரஷை விட்டுவிட்டு நுரையைச் சந்தேகப்படுங்கள். காற்று நிறைந்த நுரை பார்க்க மலையாக இருக்கும், பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே ஒன்றும் இருக்காது. படிகாரக் கட்டியை ஈர முகத்தில் தடவிப் பாருங்கள். எந்த இடம் சுரீர் என்கிறதோ அந்த இடத்தில் பிளேடு தோலைச் சுரண்டியிருக்கிறது. எல்லா இடமும் சுரீர் என்றால் நுரை, கழுத்து மட்டும் என்றால் கை அழுத்தமோ முடியின் போக்குக்கு எதிராக இழுத்ததோ காரணம்.

இன்னொன்றும் உண்டு. பிரஷ் மிருதுவாக இருக்கிறதே என்று சிலர் மூன்று நான்கு நிமிடம் முகத்திலேயே தேய்த்துக்கொண்டிருப்பார்கள். தோல் ஏற்கெனவே சிவந்துபோன பிறகு ரேஸரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சூடு நிற்பதில்லை

நிற்காது. முடிக்குள் போகிற வெந்நீர் கொஞ்ச நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், இழையில் அந்த வசதி இல்லை. திருச்சியிலும் மதுரையிலும் இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. ஊட்டிக்காரர்களும், குளிர் நாட்டில் இருப்பவர்களும், கிண்ணத்தை வெந்நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்க விட்டு அடிக்கலாம்.

ஆனால் பிரஷைக் கொதிநீரில் முக்கவேண்டாம். பிளாஸ்டிக் இழை உருகாதுதான், பி.பி.டி. உருக 220 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் அதற்கு வெகு முன்பே அது இளகி, அந்த நேரத்தில் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே நின்றுவிடும். கற்றையைப் பிடித்திருக்கும் பசைக்கும் கொதிநீர் ஆகாது. கை பொறுக்கும் சூடுதான் எல்லை.

கற்றை கோணிக்கொண்டது, நடுவில் குழி விழுந்தது

பெரும்பாலும் அமுக்கித் தேய்ப்பதால் வருவது. குழியானால் நடு இழைகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன என்று பொருள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கையால் உருவி, கெட்டிக் காகிதத்தைக் குழாய் மாதிரி சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு ஓர் இரவு விடுங்கள். லேசான கோணல் நேராகிவிடும். ஈரமாகவே டப்பாவில் அடைத்துப் பயணம் போகிறவர்களுக்கும் இதே வைத்தியம். இந்தப் பிரஷ்களைத் தலைகீழாகத் தொங்கவிட ஸ்டாண்டு வாங்கச் சொல்வார்கள். உதறிவிட்டு நிமிர்த்தி வைத்தாலே அன்றைக்கே காய்ந்துவிடும். காசு மிச்சம்.

நாற்றம், வெள்ளைப் படிவு

புதிய பிரஷின் பிளாஸ்டிக் வாடை ஷாம்பு போட்டு இரண்டு மூன்று தடவை கழுவினால் போய்விடும். மாதங்கள் கழித்து வருகிற நாற்றம் கற்றையின் அடியில் தங்கிய சோப்பிலிருந்து வருவது. கழுவும்போது நுனியை மட்டும் அலசினால் அடியில் உள்ளது அப்படியே இருக்கும். இழைகளை விரலால் பிரித்துவிட்டு, ஓடும் தண்ணீரை அடியில் படவிட்டுக் கழுவுங்கள்.

அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை ஒட்டியிருந்தால் அது மேலே சொன்ன கால்சியக் கசடு. தண்ணீரால் போகாது. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலைந்து பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, கற்றையை மட்டும் பத்து நிமிடம் முக்கி வையுங்கள். வினிகர் அந்தக் கசடைக் கொழுப்பு அமிலமாக உடைத்துவிடும், ஆனால் அதுவும் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் உடனே பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து அலசவேண்டும். இந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டு வினிகர் பலிக்கவில்லை என்கிறவர்கள் நிறைய. மரக் கைப்பிடியில் வினிகர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிந்தெடிக் என்று வாங்கினேன், நனைத்தால் மிருக வாடை அடிக்கிறது

சந்தேகம் நியாயமானது. பேட்ஜர் போலப் பட்டை போட்டுச் சாயமேற்றிய பன்றி முடியும் கடையில் உண்டு, அதே பட்டையோடு வரும் சிந்தெடிக்கும் உண்டு. கறுப்பு உடலும் வெள்ளை நுனியுமாக வரும் டக்சீடோ வகை இழையைப் பார்த்து முடி என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள். வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

ஓர் இழையை அடியோடு கத்தரித்து எடுங்கள். பிடுங்கக்கூடாது, பக்கத்து இழைகள் தளரும். இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். முடியானால் கருகிப் பொசுங்கும், முடி பொசுங்கும் வாடை வரும், மிச்சத்தை நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழையானால் சுருண்டு உருகி நுனியில் குண்டாகத் திரளும், ஆறியதும் அந்தக் குண்டு நகத்தால் நசுங்காது.

மதக் காரணத்துக்காகவோ சைவம் என்பதாலோ மாறுகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நிம்மதி. விலங்கு முடி என்றால் சுத்தம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு பழைய நியாயம் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத குதிரை முடி பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் என்கிற கொடிய தொற்றுநோய் வந்தது. 1920இல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதையே பிரிட்டன் தடை செய்தது. இன்று நிலைமை அப்படி இல்லை.

இழை உதிர்கிறது, கற்றையே கழன்று வருகிறது

முதல் சில நாள் ஒன்றிரண்டு இழை வருவது பசையில் சரியாக ஒட்டாதவை. அதை விடுங்கள். தினமும் வந்தால், அதுவும் ஒரே பக்கத்திலிருந்து கொத்தாக வந்தால், கற்றையின் அடிப்பசை விட்டுவிட்டது. வீட்டில் சரிசெய்ய முடியாது, மாற்றிக் கேளுங்கள்.

கற்றை முழுசாகக் கைப்பிடியிலிருந்து கழன்று வந்தால் பயப்படவேண்டாம். இழைகள் தங்களுக்குள் நன்றாகத்தான் ஒட்டியிருக்கின்றன, கைப்பிடியோடு இருந்த பிடிப்பு மட்டும் போயிருக்கிறது. குழியில் இருக்கும் பழைய பசையைச் சுரண்டி, இரண்டு பாகத்தையும் ஒருநாள் நன்றாகக் காயவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் இரண்டு ட்யூபாக வரும் அரால்டைட் பசை வாங்கி, சம அளவு கலந்து, குழியின் அடியிலும் பக்கத்திலும் மெல்லப் பூசுங்கள். அதிகம் வைத்தால் மேலே பிதுங்கி இழையில் ஏறிவிடும், ஏறினால் அந்த இழைகள் கட்டையாகிவிடும். கற்றையை வைத்து நேராக இருக்கிறதா என்று கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, தலை மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்து 24 மணி நேரம் தொடாதீர்கள். அதற்குப் பிறகு ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு முகத்துக்குக் கொண்டுபோகலாம்.